அடிமைச் சிறுவன் பயின்ற சொற்பொழிவு நூல்

பாஸ்டன் நகரில் ஆசிரியராகவும் நூல் வணிகராகவும் விளங்கிய கேலப் பிங்காம் 1797இல் வெளியிட்ட ‘தி கொலம்பியன் ஆரேட்டர்’ என்னும் தொகைநூல், வாஷிங்டன், சாத்தம் பிரபு முதலானோரின் உரைகளையும் சில உரையாடல்களையும் திரட்டி, குரலும் கையசைவும் எவ்வாறு அமைய வேண்டும் என்ற விதிகளோடு மாணவர்க்கு அளித்தது. உரைகளை உரக்கப் படித்து, மனப்பாடம் செய்து, அவையில் நிகழ்த்திக் காட்டுவதன் வழியே ஆங்கிலத்தின் சொல்லாட்சியைக் கைவரச் செய்வதே அதன் நோக்கம்.

அந்நூலால் மிகுந்த பயன் பெற்றவர், பள்ளி வாசலையே மிதிக்க இயலாத பிரெடரிக் டக்ளஸ். மேரிலாந்தில் ஏறத்தாழ 1818இல் அடிமையாகப் பிறந்து, பால்டிமோரில் பணிக்கு அனுப்பப்பட்ட அவருக்கு எஜமானி சோபியா ஆல்ட் எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்க, கல்வி அடிமையை அடிமையாக இருக்கவிடாது என்று கூறிக் கணவர் அதைத் தடுத்துவிட்டார். தெருவில் பழகிய வெள்ளைச் சிறுவர்களிடம் ரொட்டி கொடுத்துப் பாடம் கேட்ட டக்ளஸ், பிறருடைய காலணிகளுக்கு மெருகிட்டுச் சேர்த்த 50 சென்டைக் கொடுத்து, ஏறத்தாழ பன்னிரண்டு வயதில் இந்நூலை வாங்கினார்.

தப்பியோடிப் பிடிபட்ட ஓர் அடிமை, எஜமானின் வாதங்களை ஒவ்வொன்றாக மறுத்து இறுதியில் விடுதலை பெறும் உரையாடல் அவரைப் பெரிதும் ஈர்த்தது. மனத்தில் தோன்றி, சொல் கிடைக்காமல் மறைந்துபோன தம் எண்ணங்களுக்கு இந்நூலே மொழி தந்ததாகப் பின்னாளில் அவர் எழுதினார். சொல்லைத் தனியே கற்பதற்கும் வாதத்தினுள் வைத்துக் கற்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெளிவாகிறது. சான்றாக, டக்ளஸ் பொருள் தேடிய ‘அபாலிஷன்’ என்ற சொல்லுக்கு, ஒழிக்கும் செயல் என்று மட்டுமே அகராதி பொருள் கூறியது. எதை ஒழிப்பது என்பது அதில் இல்லை. அடிமைமுறையை ஒழிக்கக் கோரி அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்ட மனுக்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தபோதே அவருக்கு அச்சொல்லின் முழுப்பொருள் விளங்கியது.

1838இல் தப்பி வடக்கே சென்ற டக்ளஸ், 1841இல் நான்டக்கெட் தீவில் நடந்த அடிமைமுறை எதிர்ப்பு மாநாட்டில் பேசி, அவ்வியக்கத்தின் ஊதியம் பெறும் சொற்பொழிவாளரானார். இத்தகைய ஆங்கிலம் பேசுபவர் அடிமையாக இருந்திருக்க முடியாதென்று கேட்டோர் சிலர் ஐயுறத் தொடங்கவே, தம் எஜமானர்களின் பெயரையும் ஊரையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டுத் தன்வரலாற்றை அவர் 1845இல் வெளியிட்டார். அதனால் மீண்டும் பிடிபடும் ஆபத்து நேர்ந்து, அவ்வாண்டே பிரிட்டனுக்குக் கடல்கடந்து செல்ல வேண்டியதாயிற்று.