தளம் முடக்கப்பட்டதா, முடங்கியதா? தொலைவிலிருந்து கண்டறியும் வழி

இலங்கையில் ஒரு செய்தித்தளம் திறக்காவிட்டால் முதலில் எழுவது தடை என்ற சந்தேகம். அதற்குக் காரணமும் உண்டு. 2007 ஜூனில் தமிழ்நெட் இங்கு முடக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப் உள்ளிட்டவை பல மணி நேரம் தடைப்பட்டன. ஆனால் திறக்காத தளமெல்லாம் தடைசெய்யப்பட்ட தளமல்ல. ஆதாரமின்றித் தடை என்று கூவினால், உண்மையான தடை வரும்போது நம்புவார் இருக்கமாட்டார்கள். ஆகவே நான் பின்வரும் ஒழுங்கில் சோதிப்பது வழக்கம்.

பெயர்: தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றுவது டிஎன்எஸ். என்எஸ்லுக்அப் கட்டளை மூலம் எனது இணைய வழங்குநரிடமும், கூகுளின் 8.8.8.8 இடமும் அதே பெயரைக் கேட்பேன். ஒன்று முகவரி தர, மற்றது பெயரே இல்லை என்றால் சந்தேகிக்கலாம். முகவரிகள் வேறுபடுவது மட்டும் சான்றாகாது. பெரிய தளங்களில் அது இயல்பு.

பிங்: 1983இல் மைக் மூஸ் எழுதிய கருவி. பதில் வந்தால் அந்த முகவரி வரை பாதை உண்டு. வராவிட்டால் எதுவும் முடிவாகாது. பல சேவையகங்கள் பிங்கிற்குப் பதில் தருவதில்லை.

போர்ட்: பாதுகாப்பான இணையத்தளங்களுக்கு 443. விண்டோஸில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன், லினக்ஸில் நெட்கேட் இதைச் சோதிக்கும். இணைப்பு உடனே மறுக்கப்பட்டால், பெரும்பாலும் கணினி இயங்குகிறது, சேவைதான் இயங்கவில்லை. பதிலே இல்லாமல் நேரம் கடந்தால், இடையில் ஃபயர்வோல் தடுக்கிறது அல்லது பாதை அறுந்திருக்கிறது.

கர்ள்: இது சேவையகத்தின் பதில் எண்ணைக் காட்டும். 503 என்றால் சேவை தற்காலிகமாக இல்லை. 403 என்றால் அனுமதி மறுப்பு. 451 என்றால் சட்டக் காரணம்.

இன்னோரிடம்: இதுவே தீர்க்கமான சோதனை. வேறொரு வழங்குநரின் இணைப்பிலும், வெளிநாட்டு நண்பர் மூலமும் இதையே செய்து பார்க்கவேண்டும். எங்கும் திறக்காவிட்டால் கோளாறு தளத்தில். ஒரு வழங்குநரிடம் மட்டும் என்றால் அந்த வலையமைப்பில். உள்நாட்டில் எவரிடமும் திறக்காமல் வெளிநாட்டில் திறந்தால் தடை என்ற சந்தேகம் வலுக்கும்; அப்போதும் அந்தத் தளமே இலங்கை முகவரிகளை மறுக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஊனி புரோப் என்ற இலவசச் செயலி இத்தகைய சோதனைகளைத் தானே செய்து முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிடும்.

திகதி, நேரம், வழங்குநர், பிழைச்செய்தி நான்கையும் குறித்துவையுங்கள். இவை இருந்தால்தான் முறைப்பாடு ஆதாரமாகும்.