மருந்துப் பாஸ்புக் பிறந்த கதை

தஞ்சாவூர்ப் பக்கம் பாஸ்புக் என்றால் கூட்டுறவு சங்கத்துப் பாஸ்புக்தான் முதலில் நினைவுக்கு வரும். பயிர்க்கடனும் நகைக்கடனும் அதில் ஏறி இறங்கும். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அப்படி ஒரு பாஸ்புக் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வருஷத்துக்கு இந்த ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று அரசு ஒதுக்கிவிடும். மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்க அதன் மதிப்பு பாஸ்புக்கில் கழிந்துகொண்டே வரும். எந்த மருந்தை எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்வது அந்த ஆஸ்பத்திரியே.

இந்தக் கடைசி வாக்கியம் சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் அது பிறந்த பாதை லேசானதல்ல.

என் சின்ன வயதில் அரசு ஆஸ்பத்திரி மாத்திரை பொட்டலத்தில் வரும். பெரிய டின்னிலிருந்து கையால் அள்ளி, பழைய தாளில் மடித்துக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வருவதற்குள் பாதி பொடியாகியிருக்கும். என்ன மருந்து, யார் செய்தது, எப்போது காலாவதி என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. சில நாள் அதுவும் இருக்காது. வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்லிச் சீட்டு எழுதித் தருவார்கள். ஒரு நாள் நடவுக் கூலி அப்படியே மருந்துக் கடைக்குப் போய்விடும்.

காசு இல்லாததால் மட்டும் வந்த குறை அல்ல இது. மருந்துக்கென்று அரசு பணம் செலவழித்துக்கொண்டுதான் இருந்தது. எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது, வந்த சரக்கு சரியா என்று பார்ப்பது, எல்லாம் நோயாளியின் முகம் தெரியாத தூரத்தில் நடந்தன. கேட்காத மருந்து வந்து இறங்கும். கேட்ட மருந்து வராது.

அந்தத் தூரம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 1986இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனை நாட்டுக்கே காட்டியது. அங்கே கொடுத்த கிளிசரினில் நச்சு வேதிப்பொருள் கலந்திருந்ததால் 14 நோயாளிகள் இறந்துபோனார்கள். நீதிபதி லெண்டின் தலைமையிலான விசாரணை ஆணையம், அந்த மருந்து வாங்கப்பட்ட வழியை அடி முதல் நுனி வரை தோண்டிப் பார்த்தது. டெண்டர் என்பது கணக்குப்பிள்ளை வேலை மட்டுமல்ல, உயிர் காக்கும் வேலை என்பது அப்போதே நிரூபணமாகிவிட்டது.

தமிழ்நாடு அதற்கு ஒரு வழி கண்டது 1994இல். அந்த ஆண்டு ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவானது. 1995 ஜனவரியில் மருந்து வழங்கத் தொடங்கியது. அதைக் கட்டி எழுப்பியவர் முதல் நிர்வாக இயக்குநராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர். பூர்ணலிங்கம்.

முதல் வேலை பட்டியல். சந்தையில் கம்பெனிப் பெயர்களில் ஆயிரக்கணக்கில் மருந்து கிடக்கிறது. அதில் அரசு ஆஸ்பத்திரிக்கு அவசியமானவை எவை? மருத்துவர்கள் அடங்கிய குழு உட்கார்ந்து, முந்நூறைத் தொடாத ஒரு பட்டியலை, கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பொதுப்பெயரிலேயே போட்டது. உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியலின் வழி அது.

அடுத்தது டெண்டர். ஏஜெண்டுகளை விலக்கி, தயாரிப்பவர்களிடமே நேராக விலை கேட்டார்கள். இரண்டு உறைகள்: ஒன்றில் தகுதி, மற்றதில் விலை. தகுதி உறையில் தேறியவருடைய விலை உறையை மட்டுமே பிரிப்பார்கள். இத்தனைக்கும் தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்ததே அதற்குப் பிறகு, 1998இல்தான்.

மூன்றாவது பரிசோதனை. நெல் கொள்முதல் நிலையத்தில் நம்மவர்கள் படும் பாடு தெரியும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை திரும்பிவிடும். 'அவருடைய நெல்லை எடுத்தீர்களே' என்ற சண்டை ஒவ்வொரு போகத்திலும் உண்டு. யாருடைய நெல் என்று மிஷின் வைப்பவருக்குத் தெரியும் என்பதே அந்தச் சந்தேகத்தின் வேர். மருந்தில் அந்த வேரையே அறுத்தார்கள். கிடங்குக்கு வந்த ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, வெறும் குறியீட்டு எண்ணோடு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். சோதிப்பவருக்கு அது யாருடைய சரக்கு என்று தெரியாது. முடிவு வரும்வரை பெட்டிகள் தனியே ஒதுங்கியிருக்கும். தேறாத சரக்கை அனுப்பிய கம்பெனி கறுப்புப் பட்டியலுக்குப் போகும் அபாயம் உண்டு. தேறினால் பணம் தாமதமில்லாமல் போய்ச் சேரும். அந்த நம்பிக்கையில் நல்ல கம்பெனிகளும் குறைந்த விலைக்கு முன்வந்தன. டின் மாத்திரை போய், அரசு முத்திரை போட்ட அட்டை மாத்திரை வந்தது.

இவ்வளவு செய்தும், எந்த ஊருக்கு எவ்வளவு என்று சென்னையே தீர்மானித்திருந்தால் பழைய கதைதான். அந்த இடத்தில்தான் பாஸ்புக் பிறந்தது. வாங்குவது ஓரிடத்தில், கேட்பது ஊர் ஊராக. மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது. தனித்தனியாகக் கேட்பதால் தேவை தவறுவதில்லை.

அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது ஒரு ஜூன் மாதத்தில். மேட்டூர் அணை திறந்து, ஆற்றில் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம். டெல்டா கிராமம் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் அம்மா இண்டென்ட், அதாவது கிடங்குக்கு அனுப்பும் தேவைப் பட்டியல், எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் இருப்புப் பதிவேடு, ஒரு பக்கம் பாஸ்புக்.

"தண்ணி தொறந்தாச்சுல்ல சார், இனிமே எல்லாரும் வயல்ல கால் வைப்பாங்க. பாம்புக்கடி மருந்தைக் கூட்டிப் போட்டிருக்கேன்" என்றார்.

"எவ்வளவும்மா?"

"ஒரு ஆளுக்கே மொதல்ல எட்டுலேர்ந்து பத்துக் குப்பி ஏறும். அஞ்சு குப்பிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைக் கூட்டுவாராம். தை மாதம் அறுவடைத் தூசிக்கு இழுப்பு மருந்து. பயிரின் நாட்காட்டிதான் அவருடைய மருந்து நாட்காட்டி. சென்னையில் எந்தக் கணினி அதைச் சொல்லியிருக்கும்? அவர் எழுதும் எண்ணும், அதைப்போல ஊர் ஊராக எழுதப்படும் எண்ணும் சேர்ந்துதான் அடுத்த டெண்டரின் அளவை உருவாக்குகின்றன. கொள்முதலில் ஊழியருக்குப் பங்கு என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது.

தமிழ்நாட்டின் வழியைப் பார்த்து கேரளம் தனக்கென்று ஒரு மருத்துவப் பணிகள் கழகம் அமைத்தது. 2011 அக்டோபர் 2 அன்று ராஜஸ்தான் இலவச மருந்துத் திட்டத்தை ஆரம்பித்தபோது, பின்னால் நின்றதும் இதே மாதிரியான கழகம்தான்.

ஆனால் கதை இதோடு முடியக் கூடாது. பாஸ்புக் எவ்வளவு என்பதில் ஊழியருக்குக் குரல் கொடுத்தது. எப்படிப்பட்டது என்பதில் அந்தக் குரல் இன்னும் வலுவாகக் கேட்க வேண்டும். கையுறை விரல் நுனியில் கிழிகிறதா, குழந்தையின் நரம்பில் ஊசி வழுக்குகிறதா, பிளாஸ்டர் வியர்வையில் கழன்றுவிடுகிறதா என்பதெல்லாம் ஆய்வக அறிக்கையில் வராது. வார்டில் நிற்கும் செவிலியரின் விரலுக்குத்தான் தெரியும். பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையில் கொள்முதல் பிரிவிலேயே செவிலியர்களைப் பணியில் வைத்திருக்கிறார்கள். இங்கேயும் டெண்டர் நிபந்தனை எழுதும் முன்பே தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைப் பிரசவ வார்டிலிருந்தும், ஒரத்தநாட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தும் செவிலியர்களை அழைத்து, மாதிரியைக் கையில் கொடுத்து, "போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். புகார் வந்தபின் கேட்பது தாமதம். வாங்கும் முன் கேட்பதே முறை.

அந்த மருந்தாளுநர் அம்மா இண்டென்டை முடித்துக் கையெழுத்துப் போட்டார். ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்ற ஒரு பாட்டி, சர்க்கரை மாத்திரை அட்டையைப் புரட்டி, பின்பக்கத்துத் தேதியைப் பேத்தியிடம் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.