திருச்சபைச் சரித்திரமும் ஒளிப்படச் சான்றும்

பிரெஞ்சு ஆட்சியின் நிழலில் கத்தோலிக்க சமயமே செல்வாக்குடன் தழைத்த புதுச்சேரியில் ஆங்கிலிக்கன் திருச்சபை ஆழமாக வேர்விட்டதில்லை. சற்றுத் தெற்கே, ஆங்கிலேயர் வசமிருந்த கடலூரில், லண்டன் எஸ்.பி.சி.கே. சங்கத்தின் ஆதரவில் ஊழியம் புரிந்துவந்த கீர்நாந்தர் என்னும் பாதிரியார், 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையைக் கைப்பற்றவே, தம் சபையை விட்டுக் கல்கத்தாவுக்குச் செல்ல நேர்ந்தது. அந்தப் பிரெஞ்சுத் தொடர்பு விட்டுச்சென்ற ஸ்தாபனம் ஒன்றே, இரண்டரை நூற்றாண்டுக்குப்பின், சமய பேதமின்றித் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் பழைய ஒளிப்படங்களைத் தேடித் திரட்டும் பணியை மேற்கொண்டது சரித்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று. அந்தப் பணி வகுத்த வழியில் தமிழ்நாட்டு ஆங்கிலிக்கன் சபைகளின் சமூக சரித்திரத்தையும் எழுத இயலுமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒளிப்படக்கலை சென்னை ராஜதானியில் காலூன்றியது உத்தியோகஸ்தர்களின் ஆர்வத்தால். அலெக்ஸாண்டர் ஹன்டரின் முயற்சியில் 1856இல் மதராஸ் ஒளிப்படச் சங்கம் தோன்றிற்று. அரசாங்க ஒளிப்படக்காரராக நியமனம் பெற்ற லின்னேயஸ் ட்ரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் காகித நெகட்டிவ்களில் பதிவுசெய்தார். அக்காலத்துப் படங்களில் கட்டடங்களுக்கு இருந்த கௌரவம் மனிதர்க்கு இல்லை.

மிஷன் சங்கங்கள் இக்கலையைக் கையாண்டதன் காரணம் வேறு. திருநெல்வேலிச் சீமையில் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்னும் இரு ஆங்கிலிக்கன் சங்கங்கள் கட்டிய ஆலயங்களும் போர்டிங் பள்ளிகளும் இங்கிலாந்து நாட்டு விசுவாசிகளின் காணிக்கையால் நடந்தவை. காணிக்கை கொடுத்தவர்க்குப் பலன் காட்ட வேண்டியிருந்தமையால், இங்கே எடுத்த படங்கள் அங்கே முதலில் மரச்செதுக்குச் சித்திரங்களாகவும் பின்னர் நேரடி அச்சுப்படங்களாகவும் மிஷன் பத்திரிகைகளில் இடம்பெற்றன. சி.எம்.எஸ். ஆவணங்கள் இன்று பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலும், எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்திலும் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் இவ்வகைப் படங்களின் அடிக்குறிப்புகளில் வெள்ளைக்காரப் பாதிரியாருக்குப் பெயர் உண்டு. சுற்றி நிற்போர் பெரும்பாலும் ‘உபதேசிமார்’, ‘பள்ளி மாணவிகள்’ என்ற அளவோடு நின்றுவிடுகின்றனர். சபையாரின் முகம் கிடைக்கிறது, சரித்திரம் கிடைக்கவில்லை.

இதற்கு ஓர் அழகிய விதிவிலக்கு உண்டு. டோனாவூரில் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்துவந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1909இல் வெளியிட்ட ‘லோட்டஸ் பட்ஸ்’ என்னும் நூலுக்காக, உதகமண்டலத்தில் தொழில் நடத்திய பென் என்பவர் எடுத்த படங்களில், குழந்தைகள் ‘வகை’களாக நிற்கவில்லை, தத்தம் பெயரோடும் பிடிவாதத்தோடும் குறும்போடும் நம்மைப் பார்க்கிறார்கள். இதுவும் அயல்நாட்டு வாசகர்க்காக எழுந்த நூலே என்பதை மறக்கலாகாது. எனினும் பெயர் அறிந்தவர் எழுதிய நூல் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

உண்மையான திருப்பம் ஸ்டூடியோக்களால் நேர்ந்தது. 1880ஐ ஒட்டி உலர்தகடுகள் கடைச்சரக்காகக் கிடைக்கத் தொடங்கிய பின், இருட்டறையைக் கூடவே சுமந்து செல்லும் தொல்லை ஒழிந்தது. கலை மெல்ல மாவட்டத் தலைநகரங்களுக்கும் சந்தை ஊர்களுக்கும் பரவிற்று. தம் காசைக் கொடுத்துத் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொண்ட தமிழ்க் கிறிஸ்தவர்கள், எந்த உடையில், யார் பக்கத்தில், எந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்சிதர வேண்டுமென்று தாங்களே தீர்மானித்தார்கள். சபையின் உள்வரலாற்றை நான் இப்படங்களிலேயே தேடுவேன்.

சேகரத்துக் குழுப்படம் என்னும் வகையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நடுநாற்காலியில் குருவானவர், அவருக்கு இருபுறமும் கமிட்டி அங்கத்தினர், பின்வரிசையில் பெஞ்சின்மேல் ஏறி நிற்கும் வாலிபர், முன்னே பாயில் சப்பணமிட்ட சிறுவர், அவர்கள் நடுவே ஆண்டு எழுதிய சிலேட்டு. அட்டையின் மூலையில் ஸ்டூடியோவின் புடைப்பு முத்திரை. உற்றுநோக்கினால் சில முகங்களில் அம்மைத்தழும்பு மறைந்து வழுவழுப்பாக இருக்கும்: நெகட்டிவில் பென்சிலால் திருத்திய கைவேலை அது. யார் அமர்ந்தார், யார் நின்றார், யார் ஓரத்தில் பாதி வெட்டுண்டார் என்பதில் அந்தஸ்தும் ஜாதியும் வயதும் எழுதாத சாசனமாய்ப் பதிந்திருக்கின்றன. மகாசபைத் தீர்மானங்களில் அகப்படாத செய்தி இது. 1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபின் பழைய சங்கப் பெயர்கள் பலகைகளினின்று மறையலாயின. தேதியில்லாத படத்தில் பழைய சங்கப் பெயர் தாங்கிய பலகை ஒன்று தெரிந்தால் அது காலத்தைக் கணிக்க உதவும் சான்றாகும்.

ஆனால் இந்த ஸ்டூடியோப் படங்கள் அழிந்த வேகம் கொடிது. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் பூசணம் பிடித்தன, செல்லரித்தன, வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக நெகட்டிவ்கள் எடைக்குப் போயின, டிஜிட்டல் காமிரா வந்தபின் மூடிய ஸ்டூடியோக்களின் பெட்டிகள் குப்பையோடு வெளியேறின.

தொடக்கத்தில் குறிப்பிட்ட ஸ்தாபனமாகிய, புதுச்சேரி செயின்ட் லூயி வீதியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம், ஜான் ஃபிலியோசாவின் தலைமையில் 1955இல் தொடங்கப்பெற்று, அடுத்த ஆண்டு முதல் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் படமெடுத்து லட்சத்துக்கு மேற்பட்ட படங்களைச் சேர்த்துவைத்த இடம். கோயிலைப் படமெடுத்த ஸ்தாபனம் பின்னாளில் வீட்டுச் சுவருக்குத் திரும்பியது. மானிடவியலாளர் ஸோயி ஹெட்லி முன்னின்று, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் பொருளுதவியுடன், 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களை எண்மப்படுத்தும் பணி நடந்தது. அத்திட்டத்தின் கோட்பாடு போற்றத்தக்கது: மூலப்படம் நாட்டைவிட்டு வெளியே செல்லாது, நகல் மட்டுமே உள்ளூர் ஸ்தாபனத்திலும் லண்டனிலும் காக்கப்படும். மிஷன் படங்கள் கப்பலேறிப் போனதற்கு நேர்மாறான ஏற்பாடு இது.

இம்முறையை ஒரு குருசேகரம் பின்பற்றுமாயின், இந்துக் குடும்பத்துப் படத்துக்கு எளிதில் வாய்க்காத ஓர் அனுகூலம் அதற்கு உண்டு. ஆங்கிலிக்கன் சபைகள் ஞானஸ்நானம், திடப்படுத்தல், விவாகம், அடக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகளைப் பேணிவந்தன. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டம் விவாகப் பதிவேட்டைச் சட்டக்கடமையாகவே ஆக்கிற்று. முக்காடிட்ட மணமகளும் கோட்டணிந்த மணமகனும் நிற்கும் படத்தின் பின்புறம் மங்கிய தேதி ஒன்று இருந்தால், பதிவேட்டில் தம்பதியின் பெயர், தகப்பன் பெயர், தொழில், வயது, சாட்சிகளின் கையெழுத்து அல்லது கைநாட்டு அத்தனையும் கிடைத்துவிடலாம். தேதி இல்லாத படத்துக்கு மூதாட்டியரின் நினைவே கதி. படத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து, தலைகளின் விளிம்பை வரைந்து எண்ணிட்டு, எண்ணுக்கு எதிரே அவர்கள் சொல்லும் பெயரை எழுதிக்கொள்வதே சிறந்த வழி. இருவர் முரண்பட்டால் இரண்டையும் எழுதுக. ஸ்கேன் செய்வது அடுத்த ஆண்டுக்கும் ஒத்திவைக்கத்தக்கது, பெயர் கேட்பது அவ்வாறன்று என்பது என் அபிப்பிராயம்.

ஒரு சங்கடம் மிஞ்சுகிறது. குடும்பப் பெட்டிகளில் மலர் சூழ்ந்த சவப்பெட்டியைச் சுற்றி உற்றார் நிற்கும் படங்கள் அடிக்கடி தென்படுகின்றன. சில குடும்பங்களில் இறந்த குழந்தைக்கு உள்ள ஒரே படம் அதுதான். ஆராய்ச்சியாளனுக்கு அது அரிய ஆவணம்; அடக்கப் பதிவேட்டோடு இணைத்தால் நோயின் சரித்திரமே அதில் இருக்கும். ஆனால் சபையின் நூற்றாண்டு மலரில் அதை அச்சிட ஒரு கிளையார் இசைந்தும் மற்றொரு கிளையார் மறுத்தால், ஆல்பத்தை வைத்திருப்பவரின் சொல்லா, நெருங்கிய இரத்த உறவினரின் சொல்லா எது செல்லும் என்பதற்குச் சேகரக் கமிட்டிகளிடம் வகுத்த விதி ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை. நகல் எடுத்து வைக்கவும் வெளியிடவும் தனித்தனி எழுத்துச் சம்மதம் பெறுவதே தற்போதைக்கு உகந்த ஏற்பாடு.