சாத்தூர் கற்பித்த பாடம்

சிவகாசி, சாத்தூர் என்றதும் பட்டாசும் தீப்பெட்டியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆலையில் வெடி விபத்து நேர்ந்தால், காயமுற்றோரைத் தாங்குபவை அவ்வட்டாரத்து அரசு மருத்துவமனைகளே. அவற்றின்பால் ஏழை மக்கள் கொண்ட நம்பிக்கைக்கு 2018ஆம் ஆண்டு இறுதியில் பெருஞ்சோதனை நேர்ந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள், சாத்தூர் அரசு மருத்துவமனையில் இரத்தசோகையுற்ற கர்ப்பிணி ஒருவருக்கு இரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியிலிருந்து வந்த அவ்விரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. இதனை வெளிப்படுத்தியவர் இரத்தம் கொடுத்த இளைஞரே. வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்த அவர், தாமே முன்வந்து இரத்த வங்கிக்குத் தெரிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

விசாரணையில் வேறோர் உண்மையும் வெளிவந்தது. 2016இலும் அவர் இரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே தொற்று கண்டறியப்பட்டும் அச்செய்தி அவரைச் சென்றடையவில்லை. அன்று சொல்லியிருந்தால் அவர் சிகிச்சை பெற்றிருப்பார். மீண்டும் இரத்தம் கொடுத்திருக்கவும் மாட்டார். குற்ற உணர்வு தாளாமல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற அவ்விளைஞர், டிசம்பர் 30ஆம் நாள் மதுரையில் மறைந்தார். நிலையம் சொல்லத் தவறியதைச் சொன்னவர் அவர். பழியைச் சுமந்தவரும் அவரே. இதை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் கனக்கிறது.

2019 ஜனவரியில் அத்தாய்க்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது பின்னர் தெரிந்தது. அவருக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது.

நம் நாட்டில் இந்நோய்த் தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. இரத்த வங்கிகளை ஒழுங்குபடுத்த உச்ச நீதிமன்றம் 1996இல் வழிவகுத்தது. தொற்றுற்றோரின் இரகசியம் காக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் இரகசியம் ஊராரிடமிருந்து காக்கப்பட வேண்டியது. உரியவரிடமிருந்து மறைக்கப்பட வேண்டியது அன்று. இவ்வேறுபாட்டை மறந்ததே இத்துயரின் வேர்.

செல்வ நாடுகளும் இதில் தவறியுள்ளன. பிரிட்டனில் 30,000க்கும் மேற்பட்டோர் இரத்தத்தாலும் இரத்தப் பொருள்களாலும் தொற்றுக்கு ஆளாயினர். உண்மை நெடுங்காலம் மறைக்கப்பட்டது என 2024 மே மாதம் விசாரணை அறிக்கை கூறிற்று. தீங்கு நேர்ந்தால் நோயாளியிடம் ஒளிவின்றிச் சொல்லும் கடமையை இங்கிலாந்து 2014இலேயே சட்டமாக்கியிருந்தது.

மருத்துவர் தவறுவது மனித இயல்பு. தவறியதை உரியவரிடம் உடனே, தனிமையில், கனிவோடு சொல்வது கடமை. இழப்பீடு பின்னர் வரலாம். உண்மை முதலில் வர வேண்டும். இரத்தம் கொடுக்கும் நம் இளைஞரும் பரிசோதனை முடிவைத் தயங்காது கேட்டறிய வேண்டும். கேட்பது அவர்தம் உரிமை. சொல்வது நிலையத்தின் கடன்.