நாளையை விலை பேசுதல்

திருவண்ணாமலையில் ரமணாசிரமப் பகுதியைக் கடந்து செங்கம் சாலையில் சிறிது தூரம் சென்றால் மானாவாரி நிலங்கள் தென்படும். ஆடிப் பட்டத்தில் மணிலா விதைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்க்கும் உழவருக்கு, “நாளை மழை வருமா?” என்பது வாழ்வா சாவா என்னும் வினா. இதே வினாவை வைத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் ஒரு வணிகமே நடந்தது என்பதை நம்மில் பலர் அறியார்.

கல்கத்தாவின் படாபஜாரில் மார்வாரி வணிகர்களிடையே ‘மழைச் சட்டா’ செழித்திருந்தது. குறித்த நேரத்திற்குள் குறித்த அளவு மழை பெய்யுமா, பெய்யாதா என்பதே பந்தயம். மேகம் திரளத் திரளப் பந்தய விகிதமும் மாறும். இது தங்கள் மரபு வழி வணிகத்தின் ஒரு பகுதியே என்று அவ்வணிகர் வாதிட்டனர். அரசோ இதனைச் சூது என்று முடிவு செய்து, 1897இல் வங்காளச் சட்டத்தின் மூலம் தடுத்தது. வணிகம் எங்கே முடிகிறது, சூது எங்கே தொடங்குகிறது என்னும் பழைய சிக்கல் அன்று நீதிமன்றத்திற்கும் சட்டமன்றத்திற்கும் வந்து சேர்ந்தது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் இதே சிக்கலை வேறொரு கோணத்தில் எழுப்பியவர் ராபின் ஹான்சன் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர். 1959இல் பிறந்த இவர் முதலில் இயற்பியல் பயின்றார். செயற்கை நுண்ணறிவு ஆய்வில் பல்லாண்டு பணியாற்றிய பிறகே பொருளியலுக்கு வந்து, 1997இல் முனைவர் பட்டம் பெற்று ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அவரது கருத்து எளியது. ஒரு நிகழ்ச்சி நடந்தால் ஒரு ரூபாய் தரும் சீட்டு சந்தையில் அறுபது காசுக்கு விற்குமானால், அது நடப்பதற்கு நூற்றுக்கு அறுபது வாய்ப்பு உண்டெனச் சந்தை கருதுகிறது என்பது பொருள். பேசுவோர் பலர், தம் பேச்சுக்குப் பொறுப்பேற்போர் சிலர். பணத்தைப் பணயம் வைப்பவன் கவனமாகச் சிந்திப்பான் என்பது ஹான்சனின் வாதம். இலக்குகளை மக்கள் பிரதிநிதிகள் வகுக்கட்டும், வழிகளை இத்தகைய சந்தைகள் தீர்மானிக்கட்டும் என்று ஓர் ஆட்சி முறையையே அவர் முன்மொழிந்தார். அவர் பங்கேற்று வடிவமைத்த, மத்தியக் கிழக்கின் அரசியல் நிலவரத்தை முன்கணிக்கும் சந்தைத் திட்டத்தை 2003இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அறிவித்தபோது, பயங்கரவாதத்தின் மீது பந்தயமா என்று செனட்டர்கள் கண்டித்தனர். திட்டம் உடனே கைவிடப்பட்டது.

இவ்விடத்தில் நம் நாட்டின் பொருளியல் அறிஞர் ஒருவரை நினைவுகூர்தல் பொருத்தமாகும். அவர் முஹம்மது நஜாதுல்லாஹ் ஸித்தீக்கி. 1931இல் கோரக்பூரில் பிறந்து, மார்க்கக் கல்வியும் பல்கலைக்கழகக் கல்வியும் ஒருங்கே பெற்றவர். அலிகரிலும் பின்னர் ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக விளங்கினார். 1982இல் மன்னர் ஃபைஸல் பரிசு பெற்றார். 2022இல் மறைந்தார்.

காப்பீட்டைச் சூதுடன் சேர்த்துப் பலர் மறுத்த காலத்தில், அன்னார் நுட்பமான ஒரு வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். வீடு தீப்பற்றும் அபாயம் நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இருக்கிறது. காப்பீடு அந்த இழப்பைப் பலர் மீது பகிர்கிறது. சூதாடியோ இல்லாத அபாயத்தை இலாபத்திற்காகத் தானே உண்டாக்கிக்கொள்கிறான். இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால் கல்கத்தா மழைச் சட்டாவின் இயல்பு விளங்கிவிடும். மழையால் நட்டமடையும் உழவர் அதில் இல்லை. மழை ஓய்ந்த பின் ஒருவன் பையிலிருந்து மற்றொருவன் பைக்குப் பணம் மாறியதன்றி வேறெதுவும் விளைந்திருக்காது.

இதற்கு நேர்மாறானது ‘ஸலம்’ ஒப்பந்தம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, பேரீச்சம் பழத்திற்கு மக்கள் முன்பணம் தரும் வழக்கத்தைக் கண்டார்கள். அளவும் எடையும் தவணையும் தெளிவாயிருக்க வேண்டுமெனப் பணித்து அதனை அனுமதித்தார்கள். இங்கும் நாளை விலை பேசப்படுகிறது. ஆனால் முன்பணம் விதையாகிறது, விதை விளைச்சலாகிறது.

அப்படியானால் ஹான்சன் சொல்லும் பயனே இல்லையா? அவ்வாறு சொல்லிவிடுவது நேர்மையாகாது. மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதை ஸூரத்துல் பகராவின் 219ஆம் வசனமே மறுக்கவில்லை. தீங்கு பெரிது என்றே தீர்ப்பளிக்கிறது. பயனையும் கேட்டையும் எடைபோடும் இம்முறையையே ஸித்தீக்கியும் கைக்கொண்டார். ஷரீஅத் குழுக்கள் பல ஏற்றுக்கொண்ட ‘தவர்ருக்’ நிதி முறையை, சமுதாயம் முழுவதிலும் கடனைப் பெருக்கும் என்ற காரணத்தால் துணிந்து எதிர்த்தார். ஒப்பந்தத்தின் வடிவத்தை மட்டுமன்றி விளைவையும் பார்க்க வேண்டும் என்பது அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

முன்கணிப்பின் பயனைப் பெறச் சூது தேவைதானா என்னும் வினா எஞ்சுகிறது. அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகளை வைத்து, பணப் பந்தயச் சந்தை ஒன்றையும் பணமில்லா விளையாட்டுச் சந்தை ஒன்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2004இல் வெளிவந்தது. இரண்டின் கணிப்பும் ஏறத்தாழ ஒரே துல்லியம் கொண்டிருந்தன. நம் ஃபிக்ஹு நூல்களின் பந்தய ஓட்டப் பகுதியிலும் இதற்கொரு வழி உண்டு. ஓடுவோர் இருவரும் பணயம் வைத்தால் அது சூது. ஆட்சியாளரோ மூன்றாமவரோ பரிசளித்தால் அது ஆகுமானது. சரியாகக் கணிப்பவருக்குப் பிறர் பரிசளிக்கும் முறையை இவ்வடிப்படையில் அமைக்க இயலுமா என நம் ஆலிம்களும் பொருளியல் மாணவர்களும் சேர்ந்து ஆராய வேண்டும்.

இது ஏட்டளவிலான விவாதம் அன்று. நம் கைப்பேசிக்குள்ளேயே மட்டைப்பந்து முடிவு முதல் தேர்தல் முடிவு வரை ‘கருத்து வணிகம்’ என்ற பெயரில் பந்தயம் நுழைந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்ற நேர்ந்தது. பெயர் மாறியதே தவிர படாபஜாரின் மழைச் சட்டா மாறவில்லை. நம் இளைஞரிடம் “ஹராம்” என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லி நிறுத்தாமல், அது ஏன் ஹராம் என்பதையும், உழவரின் ஸலம் ஏன் ஹலால் என்பதையும் விளக்கிச் சொல்வது நம் கடமை. நாளையை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. அதற்காக உழைத்துக் காத்திருப்பவருக்கும் அதன் மீது காசு கட்டுபவருக்கும் உள்ள வேறுபாட்டை அறிவது நம்மால் இயலும்.