தன்சிரிக் கரையின் பழந்தலைநகர்

கொஹிமாவுக்குச் செல்லும் நம்மவர் பலர் இறங்கும் புகைவண்டி நிலையம் திமாப்பூர். அந்நகரில், காளான் போன்ற தலையுடைய கற்றூண்கள் வரிசையாய் நிற்பதையும், செங்கல்லாலான கோட்டை வாயிலொன்றையும் இன்றும் நாம் காணலாம். இவை கச்சாரி அரசின் தலைநகர் விட்டுச்சென்ற எச்சங்கள்.

1536-இல் அகோம் மன்னர் சுகுங்முங்கின் படை இந்நகரைக் கைப்பற்றியது. கச்சாரி மன்னர் கொல்லப்பட்டார். அவர் மரபினர் மலைநாட்டு மாய்பாங்கிலும், பின்னர் காச்சார் சமவெளியின் காஸ்பூரிலும் அரசோச்சினர். பழைய நகரைக் காடு மூடிற்று. 1832-இல் ஆங்கிலேயர் காச்சாரை இணைத்துக்கொண்டனர்.

அரசு முடிந்தது, உரிமை வழக்கு முடியவில்லை. கச்சாரிகளின் வழிவந்த திமாசா மக்கள் இதனைத் தம் முன்னோர் ஆண்ட மண் என்பர். திமாராஜி என்னும் தனி மாநிலம் கோருவோர் திமாப்பூரையும் அதனுள் அடக்குவர். நாகர்களோ மலையடிவாரமும் தமதே என்பர். 1963-இல் உருவான நாகாலாந்தில் இந்நகர் அமைந்தது. 2019-இல் உள்கோட்டு அனுமதி முறை திமாப்பூர் மாவட்டம் முழுமைக்கும் விரிந்தது.

இங்கே ஓர் அரசு வாழ்ந்ததற்கு அத்தூண்கள் சான்று. இன்று வாழ்வோரை வெளியேற்றும் பட்டயம் ஆகா. இன்றைய எல்லையும் அவ்வரசின் நினைவை அழித்துவிடாது. நாகாலாந்தின் பழங்குடிப் பட்டியலில் நாகரோடு கச்சாரிகளும் இடம்பெற்றிருத்தல் இவ்விரண்டிற்கும் பொருந்துவதே. பிற மாநிலங்களில் வாழும் நாம், நம்மை ஏற்ற மண்ணில் யார் யார் நினைவு உறைகின்றதென அறிந்து ஒழுகுதல் கடன்.