முழுப் பக்கத்திலிருந்து துண்டுத் தரவுக்கு: வலைச்செயலிகள் சேவையகத்திடம் தரவு பெறும் முறையின் வளர்ச்சி

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் நடைமுறைப்படுத்திய எச்டிடிபி நெறிமுறையின் முதல் வடிவத்தில், உலாவி ஒரே வரியில் ஓர் ஆவணத்தைக் கேட்கும். சேவையகம் அதை முழுமையாக அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். ஆய்வறிக்கைகளைப் பகிர்ந்துகொள்ள இது போதுமானதாக இருந்தது. 1993இல் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்தில் உருவான சிஜிஐ என்னும் இடைமுகம், கோரிக்கை வரும்போதெல்லாம் ஒரு நிரலை இயக்கிப் பக்கத்தை அப்போதைக்கப்போது ஆக்கித்தர வழிசெய்ததும், தரவுத்தளங்களில் இருந்தவை வலைக்கு வரத் தொடங்கின. ஆயினும் அனுப்பப்படும் அலகு முழுப் பக்கமாகவே நீடித்தது. நூறு மடல்கள் கொண்ட பட்டியலில் ஒன்றை நீக்கினாலும், மீதித் தொண்ணூற்றொன்பது வரிகளும் தலைப்பும் ஓரப்பட்டியும் மறுபடி ஆக்கப்பட்டு மறுபடி அனுப்பப்பட்டன.

இந்த விரயத்தை அனுப்பப்படும் பைட்டுகளின் எண்ணிக்கையாக மட்டும் கணக்கிடுவது போதாது. ஒளியிழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்வதால், 10,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சேவையகத்தை ஒரு கோரிக்கை எட்டி, மறுமொழி திரும்பி வருவதற்குக் குறைந்தது 100 மில்லிநொடி பிடிக்கும். இணைப்பின் கொள்ளளவை எவ்வளவு பெருக்கினாலும் இந்தக் காலம் குறையாது. ஒன்றன் விடை வந்த பின்னரே அடுத்ததைக் கேட்க முடியும் என்ற நிலையில் ஐந்து கோரிக்கைகள் தொடர்ந்தால், பயணத்துக்கு மட்டுமே அரை நொடி செலவாகிவிடும். தரவைச் சுருக்கிய முயற்சிகளைக் காட்டிலும், இவ்வாறு சங்கிலியாகத் தொடரும் பயணங்களைக் குறைத்த முயற்சிகளே இத்துறையைப் பெரிதும் முன்னெடுத்துச் சென்றன என்பதை அதன் முப்பதாண்டு வரலாறு காட்டுகிறது.

முழுப் பக்கம் என்ற அலகை உடைத்த கருவி மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மின்னஞ்சல் பிரிவில் பிறந்தது. எக்ஸ்சேஞ்ச் 2000 சேவையகத்துக்கான அவுட்லுக் வெப் ஆக்சஸ் என்ற வலைமடல் செயலியை உருவாக்கியவர்கள், மேசைக்கணினி மென்பொருளைப் போலவே அது இயங்கவேண்டும் என விரும்பினர். பக்கத்தை மாற்றாமலேயே பின்னணியில் கோரிக்கை அனுப்பும் எக்ஸ்எம்எல்எச்டிடிபி என்னும் கூறை அலெக்ஸ் ஹாப்மன் அதற்காக எழுதினார். 1999 மார்ச்சில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் அது இடம்பெற்றது. மொசில்லா அதே வசதியைத் தன் உலாவியில் சேர்த்த பின்னும் சில ஆண்டுகள் அது பரவலான கவனத்தைப் பெறவில்லை.

2004 ஏப்ரலில் ஜிமெயிலும் 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸும் வந்ததும் நிலைமை மாறியது. நிலப்படத்தின் அமைப்பு சற்று நெருங்கிப் பார்க்கத்தக்கது. உலகப்படம் சிறு சதுரங்களாக முன்கூட்டியே வெட்டிவைக்கப்பட்டு, ஒவ்வொரு சதுரத்துக்கும் அதன் இருப்பிடத்தையும் உருப்பெருக்க நிலையையும் கொண்ட முகவரி தரப்பட்டது. பயனர் படத்தை இழுக்கும்போது, புதிதாகத் திரைக்குள் நுழையும் சதுரங்கள் எவை என்பதை உலாவியே கணக்கிட்டு, அவற்றை மட்டும் ஒரே நேரத்தில் கேட்டது. எதைக் கேட்பது என்று அறிவதற்காக முதலில் ஒரு பயணம் போய்வர வேண்டிய தேவையே எழவில்லை. ஏற்கெனவே பார்த்த சதுரங்கள் உலாவியின் இடைச்சேமிப்பிலிருந்து, அதாவது அண்மையில் பெற்றவற்றை வைத்திருக்கும் பகுதியிலிருந்து, மீண்டும் எடுத்துக்கொள்ளப்பட்டன. 2005 பிப்ரவரி 18 அன்று ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் எழுதிய கட்டுரை இத்தகைய நுட்பங்களை அஜாக்ஸ் என்று அழைத்த பிறகு இவை வேகமாகப் பரவின. சென்னையில் வளர்ந்த சோகோ ரைட்டரும் அவ்வாண்டில் வெளிவந்ததே. அனுப்பும் வடிவமும் இலகுவாயிற்று: டக்ளஸ் கிராக்ஃபோர்டு முன்வைத்த ஜேசான், குறிச்சொற்கள் நிறைந்த எக்ஸ்எம்எல் வடிவத்தின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தது.

இப்போக்கின் எல்லையை வெளிப்படுத்திய நிகழ்வு ட்விட்டரில் நேர்ந்தது. 2010 செப்டம்பரில் அறிமுகமான அதன் புதிய தளம், திரையை ஆக்கும் வேலை முழுவதையும் உலாவியிடம் ஒப்படைத்தது. வெற்றுச் சட்டகம் முதலில் வரும், பிறகு ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் வரும், அவை இயங்கத் தொடங்கிய பின் தரவுக்கான கோரிக்கை போகும், அது வந்த பின்னரே முதல் ட்வீட் திரையில் தோன்றும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு துண்டும் சிறியதுதான். சங்கிலி மட்டும் நீண்டுவிட்டது. 2012 மே மாதத்தில் முதல் திரையை ஆக்கும் வேலையை அந்நிறுவனம் மீண்டும் சேவையகத்துக்கே கொண்டுசென்றபோது, முதல் ட்வீட் தோன்றுவதற்கான நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததாக அறிவித்தது. இந்த வரலாற்றில் மிகுதியாகக் கற்றுத்தரும் திருப்பம் இதுவே.

அதே 2012இல் ஃபேஸ்புக் தன் கைப்பேசிச் செயலிக்காக கிராஃப்கியூஎல் என்னும் வினவல் மொழியை உள்ளுக்குள் உருவாக்கி, 2015இல் பொதுவில் வெளியிட்டது. பதிவுகளின் பட்டியலை ஒரு முகவரியிலும், எழுதியவர்களின் விவரங்களை மற்றொன்றிலும், பின்னூட்டங்களை வேறொன்றிலும் கேட்பதற்கு மாறாக, திரைக்கு வேண்டிய புலங்களை மட்டும் குறிப்பிட்டு அனைத்தையும் ஒரே பயணத்தில் பெற அது வழிவகுத்தது. ஆனால் சிக்கலின் ஒரு பகுதி சேவையகத்துக்குள் இடம்பெயர்ந்தது: இருபது பதிவுகளுக்கும் எழுதியவரைத் தனித்தனியே தேடினால், பட்டியலுக்கு ஒன்றும் எழுதியவர்களுக்கு இருபதுமாக, தரவுத்தளத்திடம் இருபத்தொரு வினவல்கள் செல்லும். டேட்டாலோடர் என்ற நூலகம் ஒரே கணத்தில் எழும் அடையாள எண்களைத் திரட்டி ஒரே வினவலாக அனுப்பியதால், இருபத்தொன்று இரண்டாயிற்று.

பயணம் முடியும்வரை பயனரைக் காக்கவைக்காத வழியும் வகுக்கப்பட்டது. மார்க் நாட்டிங்ஹாம் எழுதி 2010 மே மாதத்தில் ஆர்எஃப்சி 5861 ஆக வெளிவந்த ஆவணம், சேமிப்பிலுள்ள பழைய விடையை உடனே காட்டிவிட்டுப் பின்னணியில் புதியதைப் பெற்றுக்கொள்ளும் முறையை வரையறுத்தது. இடைமுகங்களை உருவாக்க உதவும் ரியாக்ட் என்ற நூலகத்தின் சூழலில் 2019இல் தோன்றிய எஸ்டபிள்யூஆர், ரியாக்ட் குவெரி ஆகிய நூலகங்கள் இக்கருத்தை இடைமுகத்துக்குள் கொண்டுவந்தன. செய்திப் பட்டியலுக்கும் சுயவிவரப் பக்கத்துக்கும் இது பொருந்தும். வங்கி இருப்பு, ரயிலில் எஞ்சிய இருக்கைகள் போன்றவற்றில், கணப்பொழுது தோன்றும் பழைய எண்ணை நம்பிப் பயனர் முடிவெடுத்துவிடக்கூடும் என்பதால் இம்முறையைத் தவிர்ப்பதே தகும்.

2022 மார்ச்சில் வெளிவந்த ரியாக்ட் 18, ஃபேஸ்புக் 2010இல் பிக்பைப் என்ற பெயரில் கையாண்ட உத்தியை ஒத்த ஒன்றைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது: சட்டகம் உடனே அனுப்பப்படும், தாமதமாகும் பகுதிகள் தயாரானதும் அதே இணைப்பில் தொடர்ந்து வந்து உரிய இடத்தில் அமரும். திரை சேவையகத்தில் ஆக்கப்பட்டு, தரவுத்தளத்துக்கு அருகிலேயே வினவல்கள் நிகழ்வதால் ஒவ்வொரு பயணமும் மிகக் குறுகியது. எனினும் ஒரு கூறு தன் தரவுக்காகக் காத்திருந்து முடித்த பிறகே அதனுள் அமைந்த கூறு தன் கோரிக்கையைத் தொடங்கும்படி நிரல் எழுதப்பட்டால், பழைய சங்கிலி சேவையகத்துக்குள்ளும் உருவாகும். உலாவியின் நெட்வொர்க் பலகையில் அது ஒரே நீண்ட கோரிக்கையாக மட்டுமே தெரிவதால், ஒவ்வொரு வினவலும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதைச் சேவையகத்தின் பதிவேடுகளில் குறித்துவைத்தால்தான் அதைக் கண்டறிய முடியும்.